நோயில்லாத ரத்தம்

எழுபதுகளில், மயிலாப்பூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியின் மாடியில் அந்த ஆராய்ச்சி டாக்டரைப் பார்த்தேன். ஒல்லியான மனிதர், சட்டைக் கையில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். ரத்தம் எடுக்குமுன் யாரையும் மின்விசிறிக்குக் கீழே கொஞ்ச நேரம் சும்மா உட்கார வைப்பார்.

என் கணவர் ரத்தக்குழாய் நோயோடு கீழே வார்டில் கிடந்தார். ரத்தக்குழாயின் உட்சுவர் தூண்டப்பட்டால் ரத்தத்தில் ஒரு புரதம் கசியுமாம். அதை அளந்தால் நோய் முற்றுவதை முன்கூட்டியே அறியலாம் என்று நம்பினார் டாக்டர். ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத என் ரத்தத்தையும் எடுத்தார்.

மறுவாரம் கூப்பிட்டார். "உங்களுக்குத்தாம்மா அவரைவிட ஜாஸ்தி."

"எனக்கும் அதே வியாதியா?"

"இல்லம்மா. பயந்தாலும் அது ஏறும். நீங்க ரொம்பப் பயந்திருக்கீங்க. அவருக்கு ஏறினது நோயாலயா, பயத்தாலயான்னு இப்ப எனக்கே தெரியல. பயப்படாம உக்காருங்க, இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாம்."

எனக்குக் கோபம் வந்தது. "அவர் பொழைச்சுப்பார்னு சொல்லுங்க டாக்டர், பயப்படாம உக்காரறேன்."

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, விசிறிக்குக் கீழே என் பக்கத்து நாற்காலியில் தானும் வந்து உட்கார்ந்துகொண்டார்.