பெட்டிக்குள் ஒரு மூச்சு

கதை விடுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இது என் தங்கைக்குப் பட்டப்பகலில் நடந்தது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் விக்கல் எடுக்கும். இதைச் சொன்னபோது விக்கல் வரவில்லை. வாந்திதான் வந்தது.

கிராஃபீனை அளப்பது அவள் வேலை. ஒரே ஓர் அணு கனமுள்ள கரித் தாள் அது. நாளைய மின்கருவிகளுக்கு உதவுமா என்று பார்க்க, அதன் மேல் நான்கு ஊசிகளை இறக்கி, மின்சாரம் விட்டு, எவ்வளவு தடை காட்டுகிறது என்று அளப்பார்கள். பக்கத்தில் ஒருவர் மூச்சு விட்டாலே ஈரம் ஒட்டி எண் மாறிவிடும். அதனால் எஃகுப் பெட்டிக்குள் வைத்து மூடி, காற்றை முழுக்க உறிஞ்சிய பிறகுதான் அளவு.

அன்று மிச்சமிருந்தது கிராஃபீன் ஒட்டிய ஒரே ஒரு சில்லு. சாயங்காலத்துக்குள் சரியான அளவு வராவிட்டால் வேலை இல்லை என்று மேலதிகாரி முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார்.

பெட்டியை மூடினாள். பம்பு கடகடவென்று ஓடி, பிறகு 'ம்ம்ம்' என்று அடங்கியது. உள்ளே காற்று இல்லை. இனி, திரையில் கோடு நேராக ஓட வேண்டும்.

ஓடவில்லை. ஏறியது... இறங்கியது... ஏறியது...

ஊசி சரியாகப் பதியவில்லையோ? பெட்டிக்கு வெளியே இருந்த திருகைச் சுற்றித் தூக்கி மறுபடி இறக்கினாள். ஒயர்களை அசைத்துப் பார்த்தாள். எல்லாம் சரி. கோடு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

பெட்டியின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். சில்லின் மேல் ஒரு சொட்டு. மஞ்சளாக, நூல் நூலாக... கோழை. காற்றில்லாத இடத்தில் எந்த ஈரமும் கொதித்து ஓடிவிடும். இது ஓடவில்லை. அதில் ஒரு குமிழி உப்பியது. கோடு ஏறியது. குமிழி உடைந்தது. கோடு இறங்கியது.

பம்பைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரைக் கூப்பிட்டாள். அங்கே எல்லோருக்கும் அவர் 'அண்ணன்'.

"என்னம்மா, நிம்மதியா ஒரு வாய் சாப்பிட விடமாட்டியா?"

"அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க."

குனிந்தவர் முகத்தைச் சுளித்தார். "உவ்வே! யாரு துப்பினது? சளி பிடிச்சா லீவு போட வேண்டியதுதானே?"

"நான் இல்லண்ணே. மூடுறப்ப சுத்தமா இருந்துச்சு."

அப்போதுதான் நாற்றம் வந்தது. காற்றே புகாத பெட்டியிலிருந்து. சொத்தைப் பல், நாள்பட்ட சளி, கழுவாத வாய்... எல்லாம் சேர்ந்த ஒரு வாடை. நாக்கில் வந்து ஒட்டியது.

அண்ணன் மூக்கைப் பொத்தினார். "கருமம். தூக்கிக் குப்பையில போடும்மா."

கண்ணாடியில் பனி படர்ந்தது. உள்பக்கம். வட்டமாக. ஒரு வாய் அளவுக்கு.

பம்பின் ஓசைக்கு அடியில் இன்னொரு சத்தம். ஹ்ஹ்... ஹ்ஹ்...

குமிழி சிறுத்துக்கொண்டே வந்தது. கோட்டின் ஏற்றமும்...

அவளுக்குப் புரிந்துவிட்டது. பெட்டிக்குள் காற்றை விடும் வால்வில் கை வைத்தாள்.

"அண்ணே... யாருக்கோ மூச்சு முட்டுது."

"வால்வைத் திறந்தா காத்து புகுந்துடும். உன் வேலை போயிடும்."

"போகட்டும்ணே. பாவம்."

திருகினாள்.

ஸ்ஸ்ஸ்ஸ்...

ஆவலாக உறிஞ்சும் சத்தம்.

பிறகு அவள் முகத்தில்... வெதுவெதுப்பாக, ஈரமாக, ஒரு பெருமூச்சு.

வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பியபோது சில்லின் மேல் ஒன்றுமில்லை. சூடேற்றி, ஈரம் போக்கி, மறுபடி காற்றை உறிஞ்சி அளந்தாள். கோடு துடைத்துவிட்டாற்போல் நேராக வந்தது. வேலையும் பிழைத்தது. முகம் தெரியாத ஒருவருக்கு அவள் கொடுத்த ஒரு வாய்க் காற்றை ஆண்டவன் பார்த்துக்கொண்டிருந்தான் என்றே நான் நம்புகிறேன்.

பிறகு அண்ணன் விசாரித்தார். அந்த வால்வு பழைய சாமான் கடையில் வாங்கியது. அதற்கு முன் ஏதோ ஒரு தொழிற்சாலையில், ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய தொட்டியில் இருந்ததாம். உள்ளே துடைக்க இறங்கியவரைக் கவனிக்காமல் யாரோ மூடிவிட்டுப் பம்பைப் போட்டிருக்கிறார்கள். திறந்தபோது அவர் வாய் அந்த வால்வைக் கவ்வியபடியே இருந்ததாம்.

அண்ணன் வால்வைக் கழற்றினார். உள்பக்க ரப்பர் வளையத்தில் வரிசையாகப் பல் தடம்.

அந்த வளையம் போன வாரம் அண்ணனே புதிதாக மாட்டியது.