லெட்சுமி என்று ஒருவர் இல்லை

இதை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன், வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான், ஆனாலும் பேய், காத்துக்கருப்பு என்று யாராவது கதையைத் தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள். அதைத் தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குப் பயப்பட வேறு விஷயங்கள் நிறைய இருந்தன. மழை பிடித்தால் மண்மேடு சரியுமோ என்று பயம், போன் அடித்தால் யாருக்கு என்னவோ என்று பயம், பஸ்ஸில் ஏறினால் பிரேக் பிடிக்குமோ என்று பயம். இதற்குள் பேய்க்கு எங்கே இடம்?

எங்கள் வீடு பதுளை டவுனுக்குக் கொஞ்சம் மேலே, ரோட்டிலிருந்து எழுபத்தோரு படி ஏறிப் போகவேண்டும். அப்பா தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிச் சேர்த்த காசில் வாங்கிய வீடு, எங்கள் டிவிசனில் லயத்து வரிசைக் காம்பராவை விட்டு வெளியே சொந்தமாகக் காணி வாங்கிய முதல் ஆள் அவர்தான். நான் அவருக்கு ஒரே பிள்ளை, அவர் போனபிறகு வீடு எனக்கு. அம்மா நான் நடக்கப் பழகுவதற்கு முன்னமே போய்விட்டார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு அக்கா தங்கச்சி யாரும் கிடையாது, அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் என் மனைவி பார்வதிக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. அதன்பிறகு ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் பிளாஸ்டிக் கதிரையில் அவளை உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு அத்தனை படியும் இறங்கினோம். ஒருநாள் ஒருவருக்குக் கால் வழுக்கிக் கதிரை சாய்ந்தது. அவள் கத்தக்கூட இல்லை, கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்கே முடிவெடுத்தேன், இந்த வீட்டை விற்று ஆஸ்பத்திரிப் பக்கம் சமதரையில் ஒரு சின்ன வீடாவது வாங்கிவிட வேண்டும். அதுவரைக்கும் அவளை ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் ரோட்டோரமாக இருக்கிற அவள் தம்பியின் லயத்துக்குக் கூட்டிப்போனேன். வீட்டு உறுதிப் பத்திரமும் அவளுடைய தகரப்பெட்டியில் அங்கேதான் போனது. வீட்டுக்குச் சாவி ஒன்றுதான், அது என் அரைஞாண் கயிற்றில்.

விற்றுத்தரும் வேலையை நிசாம் நானாவிடம் கொடுத்தேன். பஜாரில் துணிக்கடையோடு சேர்த்து வீடு, காணி புரோக்கர் வேலையும் பார்க்கிறவர், பேச்சில் ஆளைக் கரைத்துவிடுவார். முதல் தடவை அவர் ஒரு டீச்சரையும் அவருடைய கணவரையும் வீடு பார்க்கக் கூட்டிவந்த அன்று நான் வந்த பஸ் பழுதாகி நின்றுவிட்டது. நான் ஓட்டமும் நடையுமாக வந்து சேரும்போது அவர்கள் மூவரும் படியிறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் சுணங்கிப்போச்சி நானா, வாங்க, தெறந்து காட்டுறேன்" என்றேன்.

"எல்லாம் பாத்தாச்சி அண்ணே. அக்கா தெறந்து காட்டினாங்க."

"எந்த அக்கா?"

"ஒங்க அக்காதான், லெட்சுமி அக்கா. ஏன் அண்ணே, வீட்டுக்குள்ள பங்குப் பிரச்சினை இருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாந்தானே? 'என்னையக் கேக்காம எப்படி விக்கிறது'ன்னு வந்தவங்க மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டாங்க. எனக்குத்தான் மானம் போச்சி."

டீச்சர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கூடப் பிறந்தவளை ஏமாற்றப் பார்க்கிற பாவி என்று நெற்றியில் எழுதி ஒட்டியதுபோல. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. விலையைக் குறைக்க நானா போடுகிற நாடகம் இது என்றுதான் நினைத்தேன். அவருடைய கையைப் பிடித்துத் திரும்ப மேலே இழுத்துக்கொண்டு போனேன். கதவில் பூட்டு தொங்கியது. நான்தான் திறந்தேன். பூட்டிக்கிடந்த வீடு, தரையெல்லாம் தூசி. அந்தத் தூசியில் மூன்று பேருடைய செருப்புத்தடம் அறை அறையாகப் போய் அடுப்படி வரைக்கும் இருந்தது. நாலாவது தடம் இல்லை.

"கள்ளச்சாவி வெட்டியிருக்கீங்க" என்றேன்.

நானா கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "எனக்கு எதுக்கு அண்ணே ஒங்க பழைய வீட்டுச் சாவி? இதுக்குள்ள களவெடுக்க ஒட்டடைதான் இருக்கு" என்றார்.

அடுத்த முறை நான் ஒரு மணித்தியாலம் முன்னதாகவே போய், திறந்து, ஒவ்வொரு அறையாகப் பார்த்து, கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்துவிட்டு வாசலில் நின்றேன். வந்தது பண்டாரவளைக் குடும்பம். நானே கூடவே நடந்து காட்டினேன். அவர்களுக்குப் பிடித்தும்விட்டது. படியிறங்கும்போது அந்த அம்மா என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, அக்கா சம்மதிக்கிறாங்களா? அடுப்படியில நின்னுகிட்டு, 'என்னையக் கேக்கவே இல்ல'ன்னு சொன்னாங்க. கேக்கப் பாவமா இருந்திச்சி."

சத்தியமாகச் சொல்கிறேன், அடுப்படி வாசலில் அந்த அம்மாவுக்கு இரண்டடி தள்ளி நான் நின்றேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, யாரையும் காணவில்லை. பயம் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஆனால் பயத்தைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்தது. வரி கட்டுகிறவன் நான், கூரைத்தகரம் மாற்றியவன் நான், பெண்டாட்டியைக் கதிரையில் தூக்கிச் சுமந்தவன் நான். யார் இந்த லெட்சுமி, என் வீட்டில் நின்று என்னை மறிக்க? அன்றைக்கு ஆட்கள் போனபிறகு வெறும் அடுப்படியில் நின்று வாய்க்கு வந்ததையெல்லாம் ஏசினேன்.

மூன்றாவதாக ஒருவர் வாங்கத் தயார் என்றார், வீட்டை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி, உறுதியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். தகரப்பெட்டியிலிருந்து உறுதியை எடுத்துக்கொண்டு லோயரிடம் போனேன். அது முழுக்கச் சிங்களத்தில் எழுதியது, நான் ஒருநாளும் வாசித்ததில்லை, அப்பாவும் வாசித்ததில்லை. லோயர் ஐயா வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒங்கப்பா பேரு என்ன சொன்னீங்க?"

"லெட்சுமணன்."

"இதுல அவரு பேரே இல்லையே. வாங்கினவங்க பேரு லெட்சுமி. பொம்பள. யாரு அது?"

உறுதியை அதுவரைக்கும் நிசாம் நானா கண்ணால் கண்டதில்லை, பெட்டியை விட்டு அது வெளியே வந்ததும் அன்றைக்குத்தான்.

பிறகு யோசித்தபோது பிழை எப்படி நடந்தது என்று விளங்கியது. காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கும்போது கணக்கப்பிள்ளை யாருடைய பெயரையும் முழுதாகச் சொல்லமாட்டார். அப்பாவை "லெட்சு" என்றுதான் கூப்பிடுவார். நாற்பது வருஷம் அந்தக் குரலுக்கு "வந்தேங்க" என்று பழகிய மனிதர், பெயர் என்ன என்று உறுதி எழுதுகிறவர் கேட்டதும் அதையேதான் சொல்லியிருப்பார். லெட்சு. மிச்சத்தை அந்த எழுத்துக்காரன் தன் பாட்டுக்கு முடித்துவிட்டான். பெயரை முழுதாகக் கேட்டால் வாயா வலிக்கும்? தோட்டத்து ஆள்தானே, எப்படி எழுதினால் என்ன என்ற நினைப்பு. அந்த ஒரு எழுத்தில், பிறக்காத ஒரு பெண்ணுக்கு வீடு கிடைத்துவிட்டது.

"இது சகஜம்" என்றார் லோயர் ஐயா. லெட்சுமி என்பதும் லெட்சுமணன் என்பதும் ஒரே ஆள்தான், லெட்சுமி என்று வேறொருவர் இல்லை என்று ஒரு சத்தியக்கடதாசி எழுதித் தந்தார். அதை ஜேபி, அதுதான் சமாதான நீதவான், ஒருவர் முன்னால் சத்தியம் பண்ணிக் கையெழுத்து வைக்கவேண்டும்.

ஜேபி, தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர். பகல் பதினொரு மணி, நல்ல வெயில். அவர் வீட்டு முன்னறையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தேன். நடுவில் அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்து, "கொஞ்சம் இருங்கம்மா" என்று கையைக் காட்டினார். வேறு யாரோ வேலையாக வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். திரும்பவில்லை, வாசிப்பது தட்டிவிடும். "லெட்சுமி என்று வேறொருவர் இல்லை என்று சத்தியமாகக் கூறுகிறேன்." கையெழுத்து வைத்தேன், அவர் சீல் குத்தினார்.

"ஒங்களோட வந்த அம்மா ஏன் போயிட்டாங்க?" என்றார்.

"நான் தனியாத்தாங்க வந்தேன்."

"இல்லையே. நீங்க வாசிக்கிற நேரம் வந்து அந்த பெஞ்சில உக்காந்தாங்க. 'நான் எந்த எடத்துல ஐயா கையெழுத்து வைக்கணும்'னு எங்கிட்ட கேட்டாங்க. நீங்க சத்தியம் பண்ணினதும் பேசாம எழும்பிப் போயிட்டாங்க. பாருங்க, பேனாவையும் விட்டுட்டுப் போயிருக்காங்க."

வீடு விற்றாயிற்று. பார்வதி இப்போது தடியை ஊன்றிக்கொண்டு தானாகவே ரோடு வரைக்கும் நடக்கிறாள், அதற்காகத்தான் எல்லாமும், அதில் எனக்குக் குறை இல்லை. லெட்சுமி என்னை மறிக்கிறாள் என்றுதான் அவ்வளவும் ஏசினேன். அவள் சொன்னது தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதை மட்டும்தான், விற்கவேண்டாம் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை என்பது அந்த முன்னறையில்தான் எனக்கு உறைத்தது.

பேனாவை ஜேபி என் கையில் திணித்துவிட்டார். நீல மை, கடையில் ஒட்டிய விலைச்சீட்டுக்கூட உரிக்காத புதுப் பேனா. எழுதுகிறதா என்று இன்றுவரை நான் பார்க்கவில்லை.