இரண்டு துளை வைத்த பேஸ் கிட்டார்

ஒரு பொருள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் லெஸ் பைபஸுக்குப் பொறுக்காது. பர்னி ஊரில் அவன் கை படாத டோஸ்டர் குறைவு. கை பட்ட பிறகு ஒழுங்காக ரொட்டி வாட்டிய டோஸ்டர் அதைவிடக் குறைவு. பதினேழு வயதில் காகித ஆலைக்குப் போனான், ஆலையை மூடியதும் பால் லாரி ஓட்டினான். வீட்டுக்குப் பின்னால் பாதியில் நிற்கும் படகு ஒன்று, சக்கரம் கழற்றிய கேரவன் ஒன்று. அவன் மனைவி ஜெனட் அந்தப் படகில் பூசணிக்கொடி ஏற்றிவிட்டாள்.

ஐம்பத்தெட்டு வயதுக்குள் அவன் பாதியில் விடாதது ஒன்றுதான்: மொய்ராவின் இசைக்குழு. மொய்ரா பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பாள், கூம்ஸ் டிரம்ஸ், லெஸ் பேஸ் கிட்டார். இருபத்தாறு வருஷமாக ஞாயிறு மதியம் இரண்டு முதல் ஐந்து வரை ஆற்றங்கரை பப்பில் இந்த மூன்று பேர்தான். வாரம் முழுக்க அலைகிற மனம் அந்த மூன்று மணி நேரம் மட்டும் ஒரு இடத்தில் உட்காரும். அது அவனுக்கும் தெரியும்.

அப்படியிருந்தும் அதிலேயே கை வைத்தான். பழைய பேஸைப் பிரித்துப் போட்டுவிட்டு, பிளாக்வுட் மரப் பலகையில் சொந்தமாக ஒன்று செதுக்க ஆரம்பித்தான். கம்பியின் அதிர்வைப் பிடிக்க ஒரு பிக்கப் போதாதாம், மூன்று வேண்டுமாம். கேபிள் சொருக ஒரு துளை போதாதாம், இரண்டு வேண்டுமாம். கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பின் கனத்த ஒலி ஒரு துளை வழியாக, ஒலியைப் பெருக்கும் ஒரு ஆம்ப்புக்கு. மற்ற இரண்டின் கூர்மையான ஒலி இன்னொரு துளை வழியாக இன்னொரு ஆம்ப்புக்கு.

"ஒருத்தன் வாசிச்சா ரெண்டு பேரு வாசிக்கிற மாதிரி இருக்கும்," என்றான்.

"முதல்ல ஒருத்தனா வந்து சேரு," என்றாள் மொய்ரா.

ஏழு மாதம் போயிற்று. பிக்கப்பை ஒட்டுவான், மறுநாள் பெயர்த்து விரல் அகலம் தள்ளி வைப்பான். இரவல் பேஸில் கொஞ்ச நாள் ஓட்டினான். பிறகு அதையும் 'சும்மா பார்க்க' திறந்துவிட்டான். அதோடு மூன்று ஞாயிறு தொடர்ந்து பப்புக்குப் போகவில்லை. மொய்ரா வீட்டுக்கே வந்தாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை நீ வாசிக்கணும், லெஸ். இல்லேன்னா வின்யார்டு ஊரு பிளம்பர் கேரத்தை பேஸுக்குச் சேத்துக்குவேன். ஒரு வாரத்துக்கு இல்ல, மொத்தமா."

அந்த வாரம் அவனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. சனிக்கிழமை புதுக் கிட்டாரின் பின்மூடியைத் திருகி மூடினான். வீட்டுக் கொட்டகையில் இருந்தது ஒரே ஆம்ப். முதல் துளையில் கேபிளைச் சொருகினான், தரை அதிர்ந்தது. இரண்டாவதில் சொருகினான், அலமாரியில் பெயின்ட் டப்பா நகர்ந்தது. லெஸ்ஸுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிறு இரண்டு மணி. தன் ஆம்ப்பையும் பப்பின் ஆம்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு கேபிளையும் சொருகினான். எதிர் மேஜையில் கேரத் சிப்பிக்கறி அடைத்த ஸ்காலப் பை தின்றுகொண்டிருந்தான். அவன் வண்டியில் கிட்டார்ப் பெட்டி கிடப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. மொய்ரா சும்மா வரச் சொல்லியிருக்க மாட்டாள்.

முதல் பாட்டு தொடங்கியது. பேஸ் கேட்கவே இல்லை. தகர டப்பாவுக்குள் கொசு மாட்டிய மாதிரி ஏதோ ஙொய்யென்றது. கூம்ஸ் தலையைத் தூக்கிப் பார்த்தான். லெஸ் ஒலியைக் கூட்டினான். கூட்டியும் கனத்த ஒலி எழவில்லை. கேபிள்தான் கோளாறோ என்று ஒன்றைப் பிடுங்கினான். உடனே கனத்த ஒலி திரும்பி வந்து பாரின் கண்ணாடிக் கோப்பைகள் கிணுகிணுத்தன. மறுபடி சொருகினான், போயிற்று.

அப்போதுதான் புரிந்தது. ஒரு பக்கத்து வயர்களை இடம் மாற்றிச் சாலிடரில் பற்றவைத்திருக்கிறான். ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கிறது. தனித்தனியாக இரண்டும் சிங்கம், சேர்ந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஒரே ஆம்ப்பை வைத்துக்கொண்டு கொட்டகையில் இது எப்படித் தெரியும்! ஒரு கேபிளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மானத்தை விழுங்கிக்கொண்டு வாசித்தான்.

இடைவேளை பதினைந்து நிமிஷம். லெஸ்ஸின் கை தானாகச் சட்டைப்பையில் இருந்த திருப்புளிக்குப் போயிற்று. மொய்ரா பார்த்துவிட்டாள்.

"தொறக்காத."

"ரெண்டு வயரு, மொய்ரா. கழட்டி மாத்தி வெக்கணும். வண்டியில சாலிடர் இருக்கு. ரெண்டே நிமிஷம்."

"படகும் ரெண்டே வாரம்னுதானே சொன்ன?"

"இது வேற."

"ஒண்ணுலயே நல்லாத்தான் இருக்கு. தொறந்தா நீ மூட மாட்ட. உனக்கே தெரியும்." அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் லெஸ்ஸை உறுத்தியது. "எனக்கு நீ வேணும்டா. அவனைக் கூப்பிட வெச்சிடாத."

காலியாகக் கிடந்த துளையைப் பார்த்தான். ஏழு மாத உழைப்பு, இரண்டு வயர். விரல் நுனியெல்லாம் அரித்தது. கேரத் தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். லெஸ் எழுந்தான், நேராக அவனிடம் போய்த் திருப்புளியை நீட்டினான்.

"அஞ்சு மணி வரைக்கும் வெச்சிரு. நான் கேட்டாலும் குடுக்காத."

கேரத் வாங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

மூன்றேகாலுக்கு லெஸ் மேடையிலிருந்து அவனைப் பார்த்தான். நாலு மணிக்குக் கையையே நீட்டிவிட்டான். கேரத் தலையை ஆட்டி மறுத்தான். லெஸ் ஒற்றைக் கேபிளோடு ஐந்து வரை வாசித்தான், வியர்க்க வியர்க்க வாசித்தான். கடைசிப் பாட்டுக்கு மேஜைகளில் இருந்தவர்கள் எழுந்து ஆடினார்கள்.

சாமான் கட்டும்போது மொய்ரா, "அடுத்த ஞாயிறு, ரெண்டு மணி," என்றாள். அவ்வளவுதான். கேரத் திருப்புளியைத் திருப்பிக் கொடுத்தான்.

"வீட்டுக்கு நீ ஓட்டு," என்று லெஸ், பாட்டுக் கேட்க வந்திருந்த ஜெனட்டிடம் சாவியைக் கொடுத்து, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டான். வண்டி ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் முதல் திருகாணி கப் வைக்கும் குழியில் டக்கென்று விழுந்தது. திருகாணிகள் உருண்டு ஓடாதபடி ஜெனட் ஒவ்வொரு வளைவிலும் வண்டியை மெதுவாகத் திருப்பினாள்.