மெதுவாக நடக்கிற சாமியிடம் கேட்டது

போன ஐப்பசியில், தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில், என் வீட்டுக்காரரின் கட்டிலில் தொங்கிய மூத்திரப் பையைப் பார்த்து அழுதவள் நான். அதில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. கேட்க அருவருப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சாட்சி சொல்ல வந்தவள் நடந்ததைத்தான் சொல்ல முடியும்.

என் பேர் செல்வராணி. குச்சனூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நெல்வயல். வெளியூர்க்காரர்கள் சனி என்றாலே நடுங்குவார்கள். எங்களுக்கு அவர் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. குச்சனூர்ச் சனீஸ்வரர் கோயிலைத் தாண்டித்தான் வயலுக்கே போவோம். சனியைப் போலக் கொடுப்பாரும் இல்லை, கெடுப்பாரும் இல்லை என்று சும்மாவா சொன்னார்கள்?

வரப்பு வெட்டும்போது இவர் காலில் மண்வெட்டி பட்டுவிட்டது. "மஞ்சளப் பத்துப் போடு. இதுக்கெல்லாமா ஊசி?" என்றார் இவருடைய அண்ணன். எங்கள் வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. இவரும் மஞ்சளை அப்பிக்கொண்டு சேற்றில் நின்றார். கால் வீங்கியது. குளிர்காய்ச்சல் வந்தது. கடைசியில் என்னையே பார்த்து "நீ யாரு?" என்றார். அப்புறம்தான் ஆஸ்பத்திரி. புண்ணில் புகுந்த கிருமி ரத்தம் முழுக்கப் பரவி, பிரஷர் அதலபாதாளத்துக்குப் போய்விட்டது, செப்டிக் ஷாக் என்றார்கள். நேராக ஐசியூ.

மறுநாள் டாக்டரம்மா என்னையும் அண்ணனையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். "கிட்னி இன்னும் நிக்கலம்மா. ஆனா மூத்திரம் குறையுது, ரத்தத்துல உப்பு ஏறுது. இதப் பாத்தா ஒண்ணு ரெண்டு நாள்ல நின்னுபோக வாய்ப்பு அதிகம். அதான் முன்கூட்டியே சொல்றோம். கிட்னிக்கு ஆகாத மருந்த மாத்திட்டோம். டயாலிசிஸ் மெஷினத் தயாரா வச்சிருக்கோம்."

தயாரா வச்சிருக்கோம் என்றது என் காதில் விழுந்தது. நின்னுபோகும் என்றது மட்டும் அண்ணன் காதில் விழுந்தது.

எங்கள் பக்கம் உயிர் சொந்த வீட்டில் போகணும் என்பார்கள். ஆஸ்பத்திரியில் போனால் கதி இல்லை என்று ஒரு பயம். அண்ணன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மதியம் பக்கத்து வீட்டுக்காரி எனக்குப் போன் போட்டாள். "ஏத்தா ராணி, ஒங்க மச்சான் சொன்னாகன்னு வாசல்ல பந்தக்கால் ஊண்டிட்டு இருக்காக. சேரும் எறக்கியாச்சு. எப்பக் கொண்டு வாறீக?"

"யார?" என்று கேட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

உள்ளே என் புருஷன் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். ஊரில் அவருக்குப் பந்தல். அந்த வயிற்றெரிச்சல் இன்றைக்கும் ஆறவில்லை.

அண்ணன் வந்தார். "கையெழுத்தப் போடுத்தா. மூச்சு இருக்கும்போதே வீடு சேத்துருவோம். டாக்டரே சொல்லிட்டாக."

"வாய்ப்பு இருக்குன்னுதான் சொன்னாக மச்சான். முடிஞ்சுபோச்சுன்னு சொல்லல."

"அவனுக்கு ஏழரைச் சனி நடக்குது. ஒனக்கு என்ன தெரியும்?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரை எதிர்த்துப் பேசாதவள், அன்றைக்கு ஐசியூ கதவை மறித்து உட்கார்ந்தேன். கையெழுத்துப் போட முடியாது என்றேன். உட்கார்ந்த இடத்திலேயே சாமியைக் கூப்பிட்டேன். கும்பிட்டேன் என்று சொல்ல மாட்டேன், சண்டைதான் போட்டேன். "ஒரு ராசியக் கடக்க ரெண்டரை வருசம் எடுத்துக்கிற ஆளு நீரு. எம்புருசனுக்கு வாறத மட்டும் ஏன்யா இம்புட்டு வேகமா அனுப்புறீரு? வராம இருக்கணும்னு கேக்கல. மெதுவாக் கொண்டாரும். அந்த டாக்டரம்மா கைக்கு எட்டுற மாதிரிக் கொண்டாரும்." இவ்வளவுதான் என் வேண்டுதல்.

டாக்டரம்மா சொன்னது பலித்தது. கிட்னி நின்றது. "நான் அப்பவே சொன்னேன்ல" என்று அண்ணன் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். ஆனால் நின்றது ஆஸ்பத்திரிக் கட்டிலில், மெஷின் பக்கத்தில். கையெழுத்துப் போட்டிருந்தால், ஊருக்குப் போகிற வழியில் வீரபாண்டி தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். மெஷின் ரத்தத்தைச் சுத்தம் செய்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சல் இறங்கியது, பிரஷர் ஏறியது. ஒருநாள் காலையில் நர்ஸ் தங்கச்சி என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டியது. குழாயில் மஞ்சளாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. சாமியே, அதைப் பார்த்துக் கைகூப்பினேன்!

இவர் வீடு வந்ததும் ஒரு சனிக்கிழமை அண்ணன் அன்னதானம் போட்டார். "என் வேண்டுதலுக்குச் சாமி எறங்கிட்டாரு" என்று மைக்கில் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு இவர் உப்பைக் குறைத்துச் சாப்பிட்டு, டாக்டரம்மா சொன்னபடி ரத்தம் சோதித்துக்கொண்டு, வயலுக்கும் போய் வருகிறார். யார் காலில் சின்னக் காயம் பட்டாலும் ஆஸ்பத்திரிக்குத் துரத்துவது இப்போது என் வேலை. அன்பானவர்களே, வரப்போகிற ஆபத்தை ஒருவர் முன்னாலேயே சொன்னால் அதைச் சாவுச் சேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தப்பிக்கத்தான் அந்த நேரத்தைச் சாமி கொடுக்கிறார். நம்பிக் கேளுங்கள். எனக்குக் கொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார்.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. வாசலில் பந்தல் போட்டது இவருக்குத் தெரியாது. ஊரில் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் அண்ணனோடு உட்கார்ந்து சிரித்துப் பேசிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார். அந்தச் சிரிப்பு காதில் விழும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரிகிறது. "இந்தக் கசப்ப எடுத்துரும்யா" என்று சாமியிடம் கேட்கலாம். கேட்டால் எடுத்துவிடுவார் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. உங்களில் யாராவது எனக்காகக் கேளுங்கள்.