நாலாம் புத்தகம் கடைசியில்

காமிக்ஸ் தொகுப்புகளை எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்று என் மகன் கேட்கும்போதெல்லாம் எனக்கு அலுப்பாக இருக்கிறது. எப்படியாவது படித்துத் தொலை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அவனுக்கு என் மேல் வருத்தம்தான். வரிசை பார்த்துப் படித்தவன் நான், அதில் பட்டது போதும்.

நாங்கள் அப்போது இரும்புலியூரில் வாடகைக்கு இருந்தோம். அம்மாவின் தம்பியான மாமா எங்களோடு தங்கி, தினமும் தாம்பரத்தில் ரயிலேறிக் கிண்டிக்கு வேலைக்குப் போய்வந்தார். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது பிழிந்து போட்ட துணிபோல இருப்பார். அவருடைய ஒரே சொத்து ஐந்து தடித்த காமிக்ஸ் தொகுப்புகள். சூப்பர் ஹீரோக்கள் என்றுதான் பேர். ஒருவனுக்குத் தன் தலைக்கு மேல் பெய்யும் மழையை மட்டும் நிறுத்தத் தெரியும். ஒருத்தி நினைத்தால் எதிரிக்குத் தும்மல் வரும். தலைவருக்கு எந்தச் சக்தியும் கிடையாது, தினமும் அட்டெண்டன்ஸ் எடுப்பார். இந்தக் கூட்டம் உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பும், பாதி நாள் பஸ்ஸைத் தவறவிடும்.

அட்டையில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதே என்றார் மாமா. ஒன்று என்று போட்டிருப்பது பிற்பாடு எழுதிய முன்கதையாம். ஆபீஸ் காகிதத்தின் பின்புறம் அவரே எழுதிக் கொடுத்தார்: மூன்று, ஒன்று, இரண்டு, ஐந்து, கடைசியில் நான்கு. எங்கள் வீட்டில் பைபிளையே சபை கொடுத்த அட்டவணைப்படி நாளுக்கு இத்தனை அதிகாரம் என்று வாசிப்பவர்கள். நானும் அந்தக் கோடை விடுமுறையில் ஒரு பக்கம்கூடத் தாண்டாமல் படித்தேன்.

ஐந்தில்தான் இடித்தது. தும்மல்காரிக்கும் மழைக்காரனுக்கும் அதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. கல்யாணம் எப்போது நடந்தது? நான்காம் புத்தகம் பார்க்க என்று கட்டத்துக்குக் கீழே போட்டிருந்தது. அதைப் போய்க் கடைசியில் படிக்கச் சொல்கிறாரே, மனுஷருக்கு மூளை குழம்பிவிட்டதா என்று எனக்குக் கோபமான கோபம்.

குழம்பித்தான் இருந்திருக்கிறது. பல வருஷம் கழித்து அம்மா சொன்னாள். சபையின் பாடகர் குழுவில் இருந்த ஓர் அக்காவிடம் மாமா நான்காம் புத்தகத்தைக் கொடுத்திருந்தார். அந்த அக்காவுக்கு நாகர்கோவிலில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். உனக்குச் சம்மதம் என்றால் உன் அப்பாவிடம் வந்து கேட்கிறேன், பதிலைப் புத்தகத்திலேயே எழுதித் திருப்பிக் கொடு என்று மாமா சொல்லியிருந்தாராம். அந்த வீட்டில் போனை எப்போதும் அவள் அப்பாதான் எடுப்பார். புத்தகம் திரும்பி வரும்வரை என்னைச் சமாளிக்கத்தான் நான்கு கடைசிக்குப் போயிருக்கிறது.

அப்போது எனக்கு இதையெல்லாம் யார் சொன்னார்கள்? ஞாயிறு ஆராதனை முடிந்து மாமா அதைச் செய்தித்தாளில் சுற்றி அக்காவிடம் கொடுத்ததைப் பார்த்திருந்தேன், அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே அந்த வீட்டுக்குப் போய்விட்டேன். ஹாலில் அக்காவின் அப்பா உட்கார்ந்திருந்தார். எங்கள் மாமாவின் நான்காம் புத்தகம் அக்காவிடம் இருக்கிறது, எனக்கு உடனே வேண்டும் என்று மரியாதையாகவே கேட்டேன். எந்த மாமா என்றார். விவரமாகச் சொன்னேன். செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்ததை அவர் கேட்கவில்லை, அதையும் சொன்னேன். அவர் உள்பக்கம் பார்த்து, புத்தகத்தைக் கொடுத்தனுப்பு என்றார்.

அக்கா வர நேரமானது. வந்தவள் பொட்டலத்தை என் கையில் அழுத்தி வைத்து, "மாமா கையிலயே குடு. நீ பிரிக்காத, என்ன?" என்றாள். கண் சிவந்திருந்தது. நன்றாகத் தலையாட்டினேன். தெருமுனை திரும்பியதும் பிரித்துவிட்டேன்.

புத்தகம் பூரா பென்சில். ஓரங்களில் பொடி எழுத்து, கடைசிப் பக்கத்தில் நாலைந்து வரி. எனக்குப் பகீரென்றது. ஒவ்வொரு ஏப்ரலிலும் என் பாடப் புத்தகங்கள் ஒரு வகுப்பு கீழே படித்த பெரியம்மா மகளுக்குப் போகும். அதற்கு முன்னால் அம்மா என்னை ரப்பரும் கையுமாக உட்காரவைப்பாள். பென்சில் கிறுக்கலோடு ஒரு புத்தகத்தை இன்னொருவர் கையில் கொடுப்பது மரியாதை இல்லை என்பாள். வேறு எந்தப் பாடம் ஏறாவிட்டாலும் அது எனக்கு நன்றாக ஏறியிருந்தது. மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அழித்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. கதைக்குச் சம்பந்தமில்லாததைப் படிக்க எனக்குப் பொறுமை ஏது? கடைசிப் பக்கத்தில் அழுத்தி எழுதியிருந்தாள், தேய்த்துத் தேய்த்துக் கை வலித்தது.

சாயங்காலம் மாமா வந்ததும் நீட்டினேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று புரட்டினார். பிறகு டியூப் லைட்டுக்கு அடியில் போய் ஒவ்வொரு பக்கமாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இதுல ஏதாச்சும் எழுதியிருந்துச்சாடா?"

"ஆமா மாமா. எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

"கடைசிப் பக்கத்துல?"

"அங்கதான் நிறைய. அதையும் அழிச்சாச்சு."

என்ன எழுதியிருந்தது என்று கேட்டார். தெரியாது என்றேன். திட்டவில்லை. "சரி, எடுத்துட்டுப் போய்ப் படி" என்றார். பாவி, நானும் போய்ப் படித்தேன். கல்யாணக் கதை நன்றாகவே இருந்தது.

அக்கா பாடகர் குழுவுக்கு வருவது நின்றது. மாமா இரண்டு தடவை போன் செய்து, அவள் அப்பாவின் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். சம்மதம் என்று எழுதியிருந்தாளா, மறந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாளா, மனுஷருக்கு எப்படித் தெரியும்? ஜூன் மாதம் அவளுக்கும் நாகர்கோவில் மாப்பிள்ளைக்கும் சபையில் திருமண அறிவிப்பு வாசித்தார்கள். எங்கள் வழக்கப்படி அதை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று போதகர் ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார்.

மூன்று தடவையும் மாமா முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார். இரண்டு தடவை தானாகவே உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது ஞாயிறு பெஞ்சு கிறீச்சிட்டு, இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான்தான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.