பெரியம்மா போட்ட நுரை

எங்கள் பெரியப்பா தியாகராய நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் விற்பனையாளர். காய்ச்சலே அடித்தாலும் முகத்தை மழுமழுவென்று வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போவார். அப்படிப்பட்டவர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டு வந்தபோது, நாங்கள் எல்லோரும் மாவுக்கட்டைப் பார்த்துக் கவலைப்பட்டோம். அவரோ இடது கையால் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சவரம் செய்துவிடப் பெரியம்மாவை விட்டால் ஆளில்லை. ஆனால் அவர்கள் இருவரும் அப்போது பேசிக்கொள்வதில்லை. ஒரு வார்த்தை கேட்காமல் நங்கநல்லூரில் ஒரு ஃப்ளாட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருந்தார் பெரியப்பா. பிறந்ததிலிருந்து மந்தைவெளியை விட்டு நகராத பெரியம்மா அன்றோடு வாயை மூடிக்கொண்டார். நாலு தெரு தள்ளித்தான் அவருடைய அம்மா வீடு. "இப்படியே போனா அக்கா ஒரேயடியா அங்க போயிடுவாங்க" என்று மாடியில் அம்மா அப்பாவிடம் புலம்பினாள். சலூனுக்குப் போகலாமே என்று அப்பா சொன்னதற்கு, அந்த பிளேடு தனக்கு ஒத்துக்கொள்ளாது என்றார் பெரியப்பா. மாதாமாதம் முடி வெட்டிக்கொள்வது அதே சலூனில்தான்.

ஆகவே தூது போக நான் தேவைப்பட்டேன். எனக்கு அப்போது எட்டு வயது.

முதல் நாள் பெரியம்மா பிரஷைத் தண்ணீரில் முக்கி, சொட்டச்சொட்ட சோப்பில் தேய்த்தார். நுரை பொங்கி, பெரியப்பாவின் கழுத்தில் வழிந்து பனியனுக்குள் இறங்கியது.

"தண்ணி ஜாஸ்தின்னு சொல்லு" என்றார் பெரியப்பா என்னிடம்.

ஒரு முழம்கூடத் தள்ளியிராத பெரியம்மாவிடம் சொன்னேன்.

"எவ்ளோ விடணும்னு கேளு."

கேட்டேன். பிரஷை உதறிவிட்டு ஆரம்பிக்க வேண்டுமாம், பிறகு சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டுமாம். நான் சொல்லி முடிக்கும்வரை பெரியம்மாவின் கை அசையாது. அந்த நேர்மையை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது.

மறுநாள் ரோஷத்தில் பிரஷை உதறு உதறென்று உதறிவிட்டார். நுரை கன்னத்தில் அப்பிக்கொண்டு, பிளேடு படுவதற்குள் காய்ந்துபோனது. "இன்னா இது, சுண்ணாம்பு அடிக்கிறாளான்னு கேளு" என்றார் பெரியப்பா. அதையும் கேட்டேன். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உதட்டைக் கடித்தார்.

போர்வெல் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது என்று கண்டுபிடித்தவரும் பெரியம்மாதான். வாசல் அடிபம்பில் வரும் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீரைச் சொம்பில் கொண்டுவரச் சொன்னார். புட்டு மாவுக்குத் தெளிப்பதுபோல் விரல்நுனியால் தெளித்துத் தெளித்து, பிரஷைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். ஒரு வாரத்தில் கைவந்துவிட்டது. கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாது, கன்னத்தில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும், ஒரு குமிழிகூடத் தெரியாது. அப்படி ஒரு நுரையை நான் இன்றுவரை வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதி சவரத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. நான் அடிபம்புக்கு ஓடினேன். அது அன்றைக்குப் பார்த்து வீம்பு பிடித்தது. ஒருவழியாகச் சொம்பை நிரப்பிக்கொண்டு திரும்பும்போது உள்ளே பேச்சுக்குரல் கேட்டது.

"காயுதா?"

"கொஞ்சம் இழுக்குது. பரவால்ல, நீ போடு."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நான் வரதுக்குள்ள ஏன் பேசுனீங்க?" என்று கத்தினேன்.

இருவரும் திருதிருவென்று விழித்தார்கள். பிறகு பெரியம்மா ரேசரைக் கீழே வைத்தார்.

"வீடு பாக்கப் போறேன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா நீ ஒத்துக்குவியா?"

"கேட்டுப் பாத்தாதானே தெரியும்!"

சண்டை பிடித்துக்கொண்டது. தெருவே கேட்கும்படி கத்தினார்கள். பெரியப்பாவின் பாதி முகத்தில் அந்த அருமையான நுரை காய்ந்துகொண்டிருந்தது, இருவருக்கும் அந்த நினைப்பே இல்லை.

நான் அழுதுகொண்டே மாடிக்கு ஓடி, தண்ணீர் கொண்டுவரத் தாமதமானதால்தான் இத்தனையும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா மிக்ஸியை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டாள். பிறகு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போடட்டும்டி, நல்லா சண்டை போடட்டும்" என்று சிரித்தாள். இரண்டு பேர் இப்படிக் கத்திக்கொள்வதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.