சுக்கான் படகில் இடித்த பெட்டி

மீன் இறங்குதளத்தில் அவருக்குச் சுக்கான் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. படகில் ஏறிவிட்டால் அதைத் திருப்பும் சுக்கானை இன்னொருவர் கையில் கொடுக்கமாட்டார். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால்தான் சாப்பிடுவார். வீட்டிலாவது அதை இறக்கி வைக்கிறாரா என்று அவர் மனைவியிடம் கேலியாகக் கேட்பார்கள். "அதை ஏன் கேக்குறீங்க, தூக்கத்துல என் கையைப் பிடிச்சுத் திருப்புறாரு" என்பாள் அவள்.

அன்று முற்பகல் நல்ல பாடு. வலை நிறைய மீனோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். கரை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. வழியில் கிடந்த பெட்டி தண்ணீருக்கு மேலே இருந்திருந்தால் சுக்கான் பார்த்திருப்பார். அது ஒரு சாண் ஆழத்தில் அமுங்கிக் கிடந்தது. இடித்த வேகத்தில் படகின் மூக்கு தூக்கிக்கொண்டது. அடிப்பலகை பிளந்து தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே வந்தது. அவரும் கூட வந்த இரண்டு ஆட்களும் காலி டீசல் கேன்களைக் கட்டிப்பிடித்தபடி கடலில் குதித்தார்கள்.

மனைவியின் தம்பி தன் படகில் பின்னால் வந்துகொண்டிருந்தான். அவன்தான் மூன்று பேரையும் இழுத்து மேலே போட்டான். துருப்பிடித்த இரும்புப் பெட்டி ஒன்றின் மூலை எட்டிப் பார்த்துவிட்டு அமிழ்ந்ததையும் அவன் பார்த்தான். பெரிய கப்பல்களில் மாடிமாடியாக அடுக்கிக்கொண்டு போவார்களே, ஒரு லாரி அளவுக்கு இருக்குமே, அந்தச் சரக்குப் பெட்டி. எந்தப் புயலில் எந்தக் கப்பலிலிருந்து சரிந்ததோ, எத்தனை கடல் சுற்றி வந்ததோ.

படகு மூழ்குவதைச் சுக்கான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வாயை அடைக்கும்வரை என்ஜின் ஓடியது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அதன்பிறகு அலைச்சல். போன இடத்தில் எல்லாம் உட்காரவைத்து மரியாதையாகத்தான் பேசினார்கள். இது நடந்த இடம் தங்கள் எல்லைக்கு வெளியே என்றார்கள் துறைமுக அலுவலகத்தில். யார்மேல் புகார் என்று எழுதுவது என்று கேட்டார்கள் கடலோரக் காவலில். காப்பீட்டில் புயல் இருந்தது, தீ இருந்தது, மிதக்கும் பெட்டி இல்லை. அந்த வழியாகப் போகிற கப்பல்களுக்கெல்லாம் ஏஜென்சி எடுத்திருந்த அலுவலகத்தில், கண்ணாடி அறைக்குள் இருந்த மேலாளர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"பெட்டியில நம்பர் எழுதியிருக்குமே, அதைப் பாத்தீங்களா?"

"நான் நீந்திட்டு இருந்தேன் சார். படிக்கிற நிலைமையில இல்ல."

மேலாளருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. நம்பர் இல்லாமல் எந்தக் கப்பல் என்று சொல்ல முடியாது, கப்பல் தெரியாமல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் சொன்னதில் பொய்யும் இல்லை.

இப்படி அலைந்துகொண்டிருந்தபோதுதான் பெட்டி தானாகக் கரைக்கு வந்தது. அலைதடுப்புப் பாறையில் மோதி வாயைப் பிளந்தது. துரு தின்றதில் அதன்மேல் நம்பர் எதுவும் மிஞ்சவில்லை. உள்ளே இருந்தவை நீல நிற ஐஸ் பெட்டிகள். தடித்த சுவரும் இறுக்கமான மூடியுமாக, மீன் வைப்பதற்கென்றே செய்தவைபோல அலை அலையாக மிதந்து வந்தன. மீன்காரர்கள் குடியிருப்பில் அவற்றுக்கு வேறு வேலை தேட வேண்டியதில்லை. கிடைத்தவர்கள் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சுக்கானின் மனைவியும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இரண்டை இழுத்து வந்தாள்.

அவள் சந்தையில் மீன் விற்பவள். அதுவரை கூடையும் ஈரச் சாக்கும்தான். உச்சி வெயில் ஏறுவதற்குள் விற்காத மீன் குப்பைக்குப் போகும். ஐஸ் பெட்டி வந்தபிறகு சாயங்காலம்வரை தெம்பாக உட்கார்ந்து விற்றாள். படகு போன வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான். சுக்கானுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பெட்டியை அவர் தொடமாட்டார். அதைத் தூக்க அவளுக்கு ஒரு கை கொடுக்கக்கூட அவரால் முடியவில்லை.

ஒருநாள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த முத்திரை கண்ணில் பட்டது. ஏதோ கம்பெனியின் பெயரும் எண்களும். இதுதானே அவர்கள் கேட்டது? மனைவி சந்தைக்குப் போன நேரம் பார்த்து, இரண்டில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கண்ணாடி அறைக்குப் போனார். மேலாளர் அதைத் திருப்பிப் பார்த்தார், எங்கோ போன் பேசினார்.

"சரக்கு நாங்க ஏத்தினதுதான். ஆனா உங்க படகுல இடிச்சது இது இருந்த இரும்புப் பெட்டிதான்னு எப்படிச் சொல்றது? கடல்ல விழுந்தது அது ஒண்ணு மட்டும் இல்லையே. நேர்ல பாத்தவரும் உங்க மச்சான்தானே."

கொண்டுவந்ததை அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார். எந்தக் குடியிருப்பு என்பதையும் கேட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் லாரி வந்தது. கூடவே காவலர்கள். கரை ஒதுங்கிய சரக்கு கம்பெனிக்குச் சொந்தம் என்று சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தவர்களைக்கூட விடவில்லை. சுக்கானின் மனைவி மீனைத் தரையில் கொட்டி, பெட்டியைக் கழுவி, மூடியைச் சரியாகப் பொருத்தித் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். யாரும் சண்டைக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மட்டும், "உன் வீட்டுக்காரர் ஏதோ நல்லதுன்னு நெனச்சுத்தான் போயிருப்பாரு" என்று அவளிடம் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

"நீங்க போனது தப்புன்னு நான் சொல்லலை" என்றாள் மனைவி.

"சொல்லேன். யாராவது சொன்னா நல்லா இருக்கும்."

அவள் பழைய கூடையைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினாள். சில நாள் கழித்து மேலாளர் போன் செய்தார். விசாரணை முடிந்துவிட்டது, மேற்கொண்டு எதுவும் இல்லை, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

மச்சான் தன் படகுக்கு அழைத்தான். சுக்கான் கூலியாளாகப் போனார். சுக்கானைப் பிடிக்க அவன் கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூக்குப் பக்கம் போய்க் குந்திக்கொண்டார். வலை இழுக்கும் நேரம் தவிர அங்கேதான். தண்ணீரில் ஏதாவது கறுப்பாகத் தெரிந்தால் கையைத் தூக்குவார். மச்சான் வேகத்தைக் குறைக்க வேண்டும். மேக நிழலுக்குத் தூக்கினார், பாசிக்குத் தூக்கினார், தூங்கிக்கொண்டிருந்த ஆமைக்கும் தூக்கினார். மற்ற படகுகள் வந்து ஏலம் முடிந்தபிறகுதான் இவர்கள் கரை சேர்ந்தார்கள். கூட வந்த ஆட்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். மச்சான் ரொம்ப நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். கடைசியில் வலை அலசிக்கொண்டிருந்த ஒரு மதியம், அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"மாமா, கொஞ்ச நாள் நீங்க கரையிலேயே இருங்க."

"சரி மாப்ள."

"கோவமா?"

"உம்மேல என்ன கோவம்?"

அது உண்மை. அவன்மேல் கோபம் இல்லை, மேலாளர்மேல் இல்லை, வீடு புகுந்து பெட்டி எடுத்தவர்கள்மேலும் இல்லை. யார்மேலாவது இருந்திருந்தால் ஒருநாள் போய்ச் சட்டையைப் பிடித்திருப்பார்.

இப்போது இறங்குதளத்து ஐஸ் ஆலையில் வேலை. பெரிய ஐஸ் கட்டிகளைக் கொக்கியால் இழுத்து அரவை இயந்திரத்தில் தள்ள வேண்டும். காது அடைக்கும் சத்தம். யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள், அது அவருக்குச் சௌகரியம். கடலுக்குப் போகுமுன் மச்சான் ஐஸ் வாங்க வருவான். சுக்கான் கணக்குக்கு மேலேயே இரண்டு கூடை வாரிப் போட்டுவிட்டு, "பாத்துப் போ" என்பார். இயந்திரச் சத்தத்தில் அவனுக்கு அது கேட்காது. ஏதோ சொல்கிறார் என்று தலையை ஆட்டிவிட்டுப் போவான்.